சோர் பஜாரில் பார்த்த நான்-ஏஐ 105 எம்எம்: எஃப்எம்2-வில் போடலாமா?

செம்பூர்_ஷட்டர்:
கையில் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா, 50 எம்எம் 1.8 ஏஐ-எஸ் லென்ஸ். மும்பை சோர் பஜாரில் ஒரு பழைய நிக்கான் 105 எம்எம் 2.5 லென்ஸ் கண்ணில் பட்டது. முன் வளையத்தில் 'நிக்கோர்-பி', அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு) எண்கள் ஒரே வரிசை, அந்த வளையத்தின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முயல்காது என்ற உலோகக் கொம்பில் ஓட்டை இல்லை. "நிக்கான்னா எல்லாத்துக்கும் சேரும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? ஜூன் பிறந்தால் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பூக்கும் ஊரில் எப்படி வைப்பது?

எஃப்_மவுண்ட்:
சேராது சார். நீங்கள் சொல்வது அசல் நான்-ஏஐ, அதாவது ஏஐ முறைக்கு முந்தையது. 1959-லிருந்து மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) ஒன்றுதான். ஆனால் 1977-ல் ஏஐ வந்தபோது கேமராவின் ஒளி அளக்கும் மீட்டருக்கு அப்பர்ச்சரைச் சொல்லும் வழி மாறியது. எஃப்எம்2-வில் மவுண்டைச் சுற்றி ஒரு வளையம், அதில் குட்டி நாக்கு இருக்கும். நான்-ஏஐ லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்துப் பின்விளிம்பு முழுவட்டமாக இருப்பதால் அந்த நாக்கின் மேலேயே உட்காரும். "கொஞ்சம் டைட்டா இருக்கே" என்று திருகினால் நாக்கு போச்சு. எஃப்எம், எஃப்இ, எஃப்3 கேமராக்கள் மூன்றிலும் அதை மடக்கலாம், எஃப்எம்2-வில் மடங்காது.

விளிம்பைச் செதுக்கி ஏஐ ஆக்கலாம். செதுக்கல் எங்கே தொடங்க வேண்டும் என்பது லென்ஸின் அதிகபட்ச அப்பர்ச்சரைப் பொறுத்தது. இடம் தெரியாமல் சும்மா அரம் போட்டுக் கொடுத்தால் லென்ஸ் ஏறும், மீட்டர் பொய் சொல்லும். முயல்காதுக்கென்றே செய்த கேமரா வேண்டுமென்றால் டிபி-1 தலை (மேலே மாட்டும் மீட்டர் வ்யூஃபைண்டர்) வைத்த எஃப்2 தேடுங்கள். டிபி-11, டிபி-12 தலைகள் ஏஐ-க்கானவை. டிபி-1-ல் ஒவ்வொரு முறையும் 5.6-ல் வைத்து மாட்டி, வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்ப வேண்டும்.

ஏஐ-க்குப் பின் வந்த ஏஐ-எஸ் (உங்கள் 50 எம்எம் அந்த வகை) அடையாளம் சுலபம்: கடைசி அப்பர்ச்சர் எண் ஆரஞ்சு நிறம்.

கண்ணாடி_பைத்தியம்:
'பி' என்றால் ஐந்து கண்ணாடி. பக்கத்தில் 'சி' இருந்தால் மல்டிகோட்டிங், அதாவது கண்ணாடியில் பல அடுக்குப் பூச்சு. 1971-ல் இதன் ஒளியியல் வடிவமே மாறியது. இரண்டுமே நல்ல லென்ஸ்தான், விலையில் மட்டும் ஏமாறாதீர்கள்.

கடையில் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டால் பூஞ்சை. சீரான பால் படலம் மசகு ஆவி. பெரும்பாலும் துடைத்தால் போகும். ஓரத்தில் வானவில் வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, விட்டுவிடுங்கள். பூஞ்சையைத் துடைக்கலாம், அது கோட்டிங்கைத் தின்ற தடம் போகாது.

திருகுத் தலை சிதைந்திருந்தால் யாரோ கை வைத்த லென்ஸ். ஜப்பான் திருகுகளுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாதாரண ஸ்டார் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

செம்பூர்_ஷட்டர்:
நன்றி, அப்போ இதை விட்டுவிடுகிறேன். இருப்பதைக் காக்க அரிசி டப்பா போதும் என்கிறார்களே?

ஈரமானி:
அரிசியைச் சோற்றுக்கு வையுங்கள். ஈரத்தை ஒழுங்காக இழுக்காது, மாவுத்தூள்தான் லென்ஸுக்குள் போகும்.

ரப்பர் விளிம்பு வைத்த 10 லிட்டர் டப்பா, 100 கிராம் நீல சிலிக்கா ஜெல், ஒரு டிஜிட்டல் ஈரமானி. இலக்கு 40–50 சதவீத ஈரப்பதம். அதற்கும் கீழே போய்ப் பிரயோசனமில்லை. ஈரமானியை முதலில் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் உப்பு, அது கூழாகும் அளவு மட்டும் தண்ணீர், ஜிப் கவரில் மானியோடு ஒரு இரவு. 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈரம் குடித்து ஜெல் இளஞ்சிவப்பானதும் ஓடிஜி அடுப்பில் 120 டிகிரி, இரண்டு மணி நேரம். நீல நிறம் நச்சுள்ள கோபால்ட் உப்பு, ஆகவே சமையல் தட்டு வேண்டாம்.

தோல் உறைகளை டப்பாவுக்கு வெளியே வையுங்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பதே அவைதான். எஃப்எம்2-வின் இரண்டு எல்ஆர்44 பட்டன் பேட்டரிகளையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி இல்லாமலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும், மீட்டர் மட்டும் வேலை செய்யாது.