புது நாடகத்தைக் குழுக்களிடமும் நடிகர்களிடமும் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

வாசிப்பறை:

வணக்கம். நான் நாடகம் எழுதுபவன் இல்லை, இயக்குபவனும் இல்லை. புது நாடகப் பிரதிகளைத் தேடித் தேடிப் படிப்பவன். மூன்று வருடத்தில் இருநூறுக்கு மேல் படித்திருக்கிறேன். அதில் ஒன்று என்னை விட மாட்டேன் என்கிறது. இறந்துபோன அப்பாவின் தச்சுப் பட்டறையை ஒரே இரவில் காலி செய்யும் அக்காவும் தங்கையும், கருவிகளை விலைக்கு எடுக்க வரும் ஒருவர், உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கும் ஒரு பையன். நான்கே பேர், 84 பக்கம். எழுதியவருக்கு இது முதல் நாடகம். இன்னும் மேடையேறவில்லை.

அவருடைய அனுமதியோடு ஒன்பது குழுக்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "மிக அருமையான நாடகம், அவசியம் படியுங்கள்" என்று எழுதி முழுப் பிரதியையும் இணைத்தேன். இரண்டு பேர் "கிடைத்தது, நன்றி" என்றார்கள். ஒரு குழு ஐந்து மாதம் கழித்து, "எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி எழுதியது. மற்ற ஆறு இடங்களிலிருந்து சத்தமே இல்லை.

தெரிந்த நடிகர்கள் "புதுசாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று அவர்களாகவே கேட்கிறார்கள். அனுப்பினால் படிப்பதில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

மூன்றாம் மணி:

ஒரு சிறிய குழுவுக்கு வரும் பிரதிகளைப் படித்து, இயக்குநருக்குக் குறிப்பு எழுதித் தருவது பதினோரு வருடமாக என் வேலை. நீங்கள் அனுப்பியது போன்ற மின்னஞ்சல்களைத் திறப்பவள் நான்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"அருமையான நாடகம்" என்று படித்ததும் எனக்கு எதுவும் தெரிவதில்லை. வருகிற எல்லாப் பிரதியோடும் அந்தச் சொல் வருகிறது. பிரதியைத் திறந்ததும் நான் பார்ப்பது பாத்திரப் பட்டியலை. எத்தனை பேர், என்ன வயது, ஒருவரே இரண்டு வேடம் போட வழி இருக்கிறதா, இடம் எத்தனை தடவை மாறுகிறது. அதற்குப் பிறகுதான் முதல் பக்கம்.

இதைக் கலை தெரியாதவர்களின் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இயக்குநர் ரோஜர் பிளானிடம் சாமுவேல் பெக்கெட்டின் இரண்டு நாடகங்கள் வந்து சேர்ந்தன. ஒன்றில் பதினேழு பாத்திரங்கள். மற்றொன்றில் நான்கு ஆண்கள், ஒரு சிறுவன், ஒரு மரம். கையில் பணமில்லாத பிளான் இரண்டாவதை எடுத்தார். 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1953 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறியது அப்படித்தான். உங்கள் நாடகத்தில் நான்கே பேர், ஒரே இடம், ஒரே இரவு. இதை மின்னஞ்சலின் முதல் வரியில் எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது, ஒன்பது பேருக்கும் ஒரே கடிதம் போயிருக்கிறது. அது கைக்கு வந்ததுமே தெரிந்துவிடும். பரிந்துரை என்பது ஒரு நாடகத்தையும் ஒரு குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் சொல்லும் சொல். அந்தக் குழு கடைசியாகப் போட்ட மூன்று நாடகங்களையாவது பார்த்திருக்க வேண்டும், பார்க்க முடியாவிட்டால் படித்தாவது இருக்க வேண்டும். "சென்ற நாடகத்தில் தாயாக நடித்தவரின் குரலைக் கேட்ட நாளிலிருந்து இந்த அக்கா பாத்திரத்தை அவர் குரலில்தான் படிக்கிறேன்" என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அன்று மாலையே அந்தப் பிரதியைப் படித்து முடித்தேன்.

ரஷ்ய இயக்குநர் நெமிரோவிச்-டான்சென்கோ செய்ததை இந்த வேலையில் இறங்கும் எல்லோருக்கும் சொல்வேன். செகாவின் 'கடற்பறவை' 1896இல் பீட்டர்ஸ்பர்க் மேடையில் படுதோல்வி. இனி நாடகமே வேண்டாம் என்கிற அளவுக்கு செகாவ் மனம் நொந்துபோனார். நெமிரோவிச் தான் புதிதாகத் தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கத்துக்கு அந்த நாடகத்தைக் கேட்டு எழுதினார். செகாவ் மறுத்தார். நெமிரோவிச் மறுபடியும் எழுதினார். கூட்டாளி ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கோ அதில் என்ன இருக்கிறது என்றே முதலில் பிடிபடவில்லை. அவருக்கும் உட்கார்ந்து எடுத்துச் சொன்னார். 1898இல் அங்கே மேடையேறி, அந்த அரங்கத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது அது. ஒரே நாடகம், ஒரே குழு, எதிரே மனம் மாற வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசியிருக்கிறார், பாருங்கள்.

நாடகத்தின் குறையையும் எழுதுங்கள். 'நடுவில் பத்துப் பக்கம் தொய்கிறது, எழுதியவருக்கும் அது தெரியும், ஒத்திகையில் திருத்தத் தயாராக இருக்கிறார்' என்று சொல்பவரின் பாராட்டை நான் நம்புவேன். நான் இதில் தவறியிருக்கிறேன். ஏழு பாத்திரங்களும் மேடையில் பெய்யும் மழையும் கொண்ட ஒரு நாடகத்தை நான்கு பேர் மட்டுமே உள்ள குழுவுக்கு, மழையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் அனுப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அனுப்பிய எதையும் அவர்கள் திறக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் நான் சொல்லியிருக்கக்கூடிய நல்ல நாடகங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

முழுப் பிரதியை முதலிலேயே இணைக்காதீர்கள். அரைப் பக்கக் குறிப்பும் பத்துப் பக்கம் நாடகமும் போதும். அப்புறம், ஒரு தேதி சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு நாடகாசிரியையின் பிரதியை ஒரு குழு பதினான்கு மாதம் வைத்திருந்து, பிறகு வேண்டாம் என்றது. அதற்குள் வேறு ஒருவர் கேட்டபோது, "ஏற்கனவே ஒரு இடத்தில் இருக்கிறது" என்று இவர் மறுத்துவிட்டார். நாகரிகமாக, "மூன்று மாதத்துக்குள் ஒரு பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்" என்று எழுதலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய நியூ ப்ளே எக்ஸ்சேஞ்ச் என்ற தளத்தில் நாடகாசிரியர்கள் தங்கள் பிரதியைத் தாங்களே ஏற்றுகிறார்கள். நடிகர் எண்ணிக்கை, நீளம், வகை எல்லாவற்றையும் வைத்துத் தேடலாம். படித்தவர்கள் எல்லோரும் பார்க்கும்படி பரிந்துரை எழுதலாம். அங்கே பயன்படுகிற பரிந்துரைகள், தேடலில் அகப்படாத ஒன்றைச் சொல்பவைதான். 'நான்கு பாத்திரங்கள்' என்பதை இயந்திரமே சொல்லிவிடும். அந்தப் பையன் ஏன் உள்ளே வராமல் நிற்கிறான், அது பார்ப்பவரை என்ன செய்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பக்கத் திரை:

நடிகர்களைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, நான் நடிகை. முழுப் பிரதியை அனுப்பி "படித்துப் பாருங்கள்" என்றால் ஒத்திகை, வேலை, வீடு என்று தள்ளிப்போய்விடும். "31ஆம் பக்கத்திலிருந்து 34 வரை மட்டும் படி, தங்கையாக" என்று சொல்லுங்கள், பேருந்தில் நின்றுகொண்டே படித்துவிடுவேன். அந்த நான்கு பக்கம் பிடித்தால் மிச்சம் தானாகவே நடக்கும்.

இன்னொன்று. நடிப்புத் தேர்வுக்குப் போகும்போது ஒன்றிரண்டு நிமிடத் தனிப்பேச்சு தேவைப்படும். எல்லோரும் அதே பத்துப் பதினைந்து பழைய பேச்சுகளைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். புது நாடகத்தில் அப்படி ஒரு பகுதி இருந்தால் எழுதியவரிடம் கேட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்து முடிந்த கதையைச் சொல்லிக்கொண்டே போகும் பேச்சாக இருக்க வேண்டாம். எதிரே ஒருவர் இருக்க வேண்டும், அவரிடமிருந்து எனக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும். அப்போதுதான் நடிக்க முடியும்.

நடிகருக்குப் பிடித்துவிட்டால் அவரே குழுவுக்குக் கொண்டுபோவார். நாங்கள் ஒருமுறை நான்கு நாற்காலியைப் போட்டு, இயக்குநரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிரதியைக் கையில் வைத்தபடியே சத்தமாகப் படித்தோம். மேசை மேல் எட்டு மாதம் கிடந்த பிரதி அது. படித்து முடித்த இரவே தேதி பேச ஆரம்பித்துவிட்டார்.

மேடைக்குப் பின்னால்:

மேடை நிர்வாகம் என் வேலை. ஒரே கேள்வி: பட்டறை என்றால் மேடையில் நிஜமாகவே மரம் அறுக்கிறார்களா? அறுத்தால் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு புதுப் பலகை வேண்டும், தூள் பறக்கும், நடிகருக்கு ரம்பம் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை முன்னாலேயே எழுதிவிடுங்கள். ஒத்திகை பாதியில் தெரிந்தால் ரொம்பச் சிரமம்.

வாசிப்பறை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆமாம், அறுக்கிறார்கள். அக்கா ஒரே ஒரு பலகையை, பேசாமல், முழுதாக அறுத்து முடிக்கிறாள். அந்த இடத்தை நான் யாருக்குமே சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஒன்பதில் ஒரு குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதியிருக்கிறேன்:

"நான்கு பேர், ஒரு பட்டறை, ஒரே இரவு, சுமார் ஒன்றரை மணி நேரம். உங்கள் சென்ற நாடகத்தில் கடைசி ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை, அரங்கில் ஒருவரும் அசையவில்லை. அந்த மௌனத்தைத் தாங்கத் தெரிந்த குழு என்பதால் இதை உங்களிடம் கொண்டுவருகிறேன். இந்த நாடகத்தில் அக்கா தன் அப்பாவின் ரம்பத்தால் ஒரு பலகையை அறுத்து முடிக்கும்வரை யாரும் பேசுவதில்லை. அந்தக் காட்சிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பலகை வேண்டும். கருவி வாங்க வருபவரின் முதல் காட்சி நீளம்தான். எழுதியவர் சுருக்கத் தயாராக இருக்கிறார்."

மூன்றாம் மணி:

இதை அனுப்புங்கள். 'சுமார் ஒன்றரை மணி நேரம்' என்பதை மட்டும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பேசாமல் அறுக்கும் காட்சி பக்கத்தில் மூன்று வரிதான் இருக்கும், மேடையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பலகைதான் சொல்லும். எங்கள் குழுவுக்கும் அந்தப் பத்துப் பக்கத்தை அனுப்பிவையுங்கள். அக்கா வேடத்துக்கு எனக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.