பொம்மை வீடு நாடகத்தில் கடிதத்துக்குப் பதில் செல்போன் வைக்கலாமா?

மேடைப்பூனை:
எங்கள் குழு நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' போடப்போகிறது. 1879-ல் முதன்முதலாக மேடையேறிய நாடகம். அதை அப்படியே போட்டால் அருங்காட்சியகம் மாதிரி இருக்கும், கதையை இன்றைக்குக் கொண்டுவருவோம் என்பது குழுவில் இளையவர்களின் கட்சி. ஜீன்ஸ், லேப்டாப், கடிதத்துக்குப் பதில் வாட்ஸ்அப். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இயக்குவது நான்தான் என்பதால் முடிவு சொல்லியாக வேண்டும். அப்புறம், மூன்று அங்கத்தையும் முழுதாகப் போட்டால் ரொம்ப நீளுகிறது. எங்கே கை வைக்கலாம்?

கடைசிவரிசை:
தைரியமாக மாற்றுங்கள். அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் 1937-ல் நியூயார்க்கில் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' போட்டபோது ரோமானிய அங்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு பாசிஸ்ட் சீருடை மாட்டிவிட்டார். நாடகத்தையும் நன்றாக வெட்டி, இடைவேளையே இல்லாமல் நடத்தினார். அன்றைய ஐரோப்பாவைப் பற்றிப் பேப்பரில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

பக்கத்திரை:
சீசர் சரிதான். பதவியும் சதியும் எந்த உடையிலும் நடக்கும். இந்த நாடகத்தில் கதையே ஒரு பூட்டிய தபால் பெட்டிக்குள் அல்லவா கிடக்கிறது! நான் இதற்கு மேடை நிர்வாகம் பார்த்திருக்கிறேன், அந்தப் பெட்டியோடு மாரடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கதாநாயகி நோரா கணவனுக்குத் தெரியாமல் க்ரோக்ஸ்டாட்டிடம் கடன் வாங்கியிருக்கிறாள். இரண்டாம் அங்கத்தில் அவன், அதைக் கணவனுக்குப் போட்டுக்கொடுக்கும் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறான். கண்ணாடி வழியாகக் கடிதம் தெரிகிறது, சாவியோ கணவனிடம். அவன் பெட்டிப் பக்கம் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் நோரா டாரன்டெல்லா என்ற வேகமான இத்தாலிய நடனத்தை ஆடுகிறாள். பார்க்கிறவர் ஒரு கண்ணைப் பெட்டியிலும் ஒரு கண்ணை அவள் மீதும் வைத்திருக்க வேண்டும். கடிதம் விழும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் அந்த ஆட்டம் வெறும் ஆட்டம்தான். சாதாரண உறை போட்டால் எங்களுக்குச் சத்தமே வரவில்லை. உள்ளே அட்டை செருகி, பெட்டியின் அடியில் தகரம் ஒட்டிய பிறகுதான் 'டொக்' என்று விழுந்தது. இதையெல்லாம் கணவனின் பாக்கெட்டில் அதிரும் போனை வைத்து எப்படிக் காட்டுவீர்கள்?

இன்னொரு சிக்கல் பணம். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம் அது. அதனால்தான் கடன் பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தை நோராவே போடுகிறாள். இன்றைக்கு மாற்றினால், நேராக பேங்க்குக்குப் போயிருக்கலாமே என்று முன்வரிசையிலேயே ஒருவர் முணுமுணுப்பார். இதற்கெல்லாம் பதில் எழுதினால் அது உங்கள் நாடகமாகிவிடும். எழுதலாம், தப்பில்லை, ஆனால் வேலை பெரிது.

நான் காலத்தை அப்படியே விட்டுவிட்டு செட்டைக் குறைப்பேன். ஒரு மேசை, நாற்காலிகள், கதவு, பெட்டி. ஆட்கள் மட்டும் இன்றைய வேகத்தில் பேசட்டும். வெட்டுவதற்கு முதல் அங்கத்தில் நோராவும் அவள் தோழி லிண்டேயும் பழங்கதை பேசும் இடம் தோதானது. குடும்ப நண்பர் டாக்டர் ராங்க்கை மட்டும் தொடாதீர்கள்! கதைக்குச் சம்பந்தமில்லாதவர் என்று எல்லாரும் முதலில் அவரைத்தான் வெட்ட வருவார்கள். நோரா அவரிடம் உதவி கேட்க வாயெடுக்கும் நேரத்தில் அவர் தன் காதலைச் சொல்லிவிடுகிறார். அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. அவளுக்கு இருந்த அந்த வழி மூடுவதே அங்கேதான்.

நடைவண்டி:
முடிவையாவது கொஞ்சம் மாற்றலாமா? நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு வீட்டைவிட்டே போவதைப் பார்வையாளர்கள் ஏற்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

பக்கத்திரை:
இது பழைய சந்தேகம்தான். 1880-ல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, நான் என் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று அந்த முடிவில் நடிக்க மறுத்தார். கண்டவரும் மாற்றி எழுதுவதைவிட நாமே எழுதிவிடலாம் என்று இப்சனே வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் நோரா, தூங்கும் குழந்தைகளைப் பார்த்து வாசலிலேயே சரிந்துவிடுகிறாள். எழுதிக் கொடுத்த கையோடு, இது காட்டுமிராண்டித்தனம் என்று திட்டியவரும் அவரேதான். இன்றைக்கு அதை யார் தேடிப் போடுகிறார்கள்? பார்வையாளர்கள் கோபப்பட்டால் படட்டும், வெளியே போய்ச் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

மேடைப்பூனை:
அக்கா, ரொம்ப நன்றி. இதை அப்படியே ஒத்திகையில் படித்துக்காட்டப் போகிறேன். கடைசிக் கதவுச் சத்தத்துக்கு என்ன செய்தீர்கள்?

பக்கத்திரை:
செட்டில் இருக்கும் கதவை ஓங்கி அறையாதீர்கள், சுவரே ஆடும். பிரதிப்படி சத்தம் கீழிருந்து வர வேண்டும், அது தெருக்கதவு. மேடைக்குப் பின்னால் ஒரு நிஜக் கதவைச் சட்டத்தோடு நிறுத்தி, அதற்கென்று ஓர் ஆளைப் போடுங்கள். ரெக்கார்டிங் போட்டால் ஸ்பீக்கரிலிருந்து வருவது காட்டிக்கொடுத்துவிடும்.