ஜோடி பியானோ விழாக்கள் இளம் கலைஞர்களை உண்மையில் வளர்க்கின்றனவா?

கருப்புவெள்ளை:
சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 2002 முதல் 2016 வரை மார்த்தா ஆர்கெரிச் பெயரில் ஆண்டுதோறும் நடந்த விழாவின் ஒலிப்பதிவுகளை மறுபடி கேட்டு வருகிறேன். ஒரே பியானோவில் இருவர், எதிரெதிரே இரண்டு பியானோக்கள், அதோடு கொஞ்சம் சேம்பர் இசை (சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சிறு குழு இசை). ஒரு பக்கம் உலகமறிந்த பியானோ கலைஞர் ஆர்கெரிச். மறுபக்கம் இப்போதுதான் மேடையேறத் தொடங்கிய ஒருவர். இளம் பியானோ கலைஞர்களை வளர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பேன். போட்டிகளுக்குப் போகும் பணத்தில் பாதியாவது இந்த மாதிரி விழாக்களுக்குப் போக வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

மூன்றாம்வரிசை:
இருக்கிறது. அந்த இசைத்தட்டுகள் எந்தப் பெயரில் வந்தன? ‘மார்த்தா ஆர்கெரிச்சும் நண்பர்களும்’. வாங்கியவர்கள் அவருக்காக வாங்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த இளைஞரின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஆர்கெரிச்சே எப்படி வந்தார் என்று பாருங்கள். 1957இல், 16 வயதில், பொல்சானோவிலும் ஜெனீவாவிலும் அடுத்தடுத்து போட்டிகளை வென்றார். 1965இல் வார்சா ஷோபன் போட்டியிலும் முதலிடம். தனியாக உட்கார்ந்து தனியாக ஜெயித்து வந்தவர் அவர். பெயர் வந்த பிறகுதான் ஜோடி வாசிப்பு. இளைஞர்களிடம் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வது நியாயமில்லை.

கருப்புவெள்ளை:
அதே ஆர்கெரிச்தான் 1980இல் வார்சா நடுவர் குழுவிலிருந்து வெளியேறினார் சார். போட்டியாளர் இவோ போகொரெலிச்சை இறுதிச் சுற்றுக்கு அனுப்பவில்லை என்பதற்காக. அந்த எண்பதுகளிலேயே தனிக் கச்சேரிகளையும் ஏறக்குறைய விட்டுவிட்டார். மேடையில் தனிமை தாங்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். போட்டியில் வென்றவருக்கே அந்த வழி போதவில்லை என்றால், அதைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

மூன்றாம்வரிசை:
போகொரெலிச் பெயர் உலகம் முழுக்கப் பரவியதே அந்தப் போட்டியால்தான். ஜோடி விழா ஒன்றில் வாசித்திருந்தால் அந்தச் சர்ச்சைக்கே இடமில்லை.

இரண்டாம்பாகம்:
நான் பியானோ சொல்லித் தருகிறேன். புகழ், பணம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஜோடியாக வாசிக்கும்போது பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

வயலினில் வில்லை மெல்ல இழுத்து ஒலிக்குள் நுழையலாம். பியானோவில் அது முடியாது. சுத்தியல் கம்பியைத் தொட்ட கணத்தில் ஒலி உச்சத்துக்குப் போய்விடும், அப்புறம் தேய்வதுதான். அதனால் இரண்டு பேர் ஒரு ஸ்வரக்கொத்தைச் சேர்ந்து தட்டும்போது ஒருவர் இம்மி பிந்தினாலும் எல்லோருக்கும் கேட்டுவிடும். மறைக்க வழியே இல்லை. இதைப் பழகும் பிள்ளை அடுத்தவரின் மூச்சைக் கவனிக்கக் கற்கிறது, தோள் எழுவதைப் பார்க்கக் கற்கிறது.

ஒரே பியானோ என்றால் இன்னும் கடினம். வழக்கமாகப் பெடல், அதாவது ஒலியை நீட்டும் கால்மிதி, கீழ்ப்பகுதி (தாழ்ந்த ஸ்வரங்கள்) வாசிப்பவரின் காலில்தான் இருக்கும். மேலே பாடும் மெட்டு என்னுடையது அல்ல, ஆனால் அது தெளிவாக இருப்பதும் குழம்புவதும் என் காலில் இருக்கிறது. தன் சத்தத்தைவிட அடுத்தவர் சத்தத்தை அதிகம் கேட்கப் பழக்க எனக்குத் தெரிந்த சிறந்த பயிற்சி இதுதான். ஒரே பியானோவில் இருவர் வாசிக்க ஷூபர்ட் 1828இல் எழுதிய எஃப் மைனர் ஃபேன்டசியின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வாசிப்பவர் சற்று அழுத்தினால் போதும், மேலே அந்த மெட்டு செத்துப்போகும். என் மாணவர்களிடம் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே இடம் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்வேன்.

மூன்றாம்வரிசை:
மேடம், வகுப்பறைக்கு இது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கேள்வி விழாவைப் பற்றியது. உண்மையான ஜோடிகள் யார்? லபெக் சகோதரிகள், பெக்கினெல் இரட்டையர், கொன்டார்ஸ்கி சகோதரர்கள், இப்போது யூசென் சகோதரர்கள். ஒரே வீட்டில் வளர்ந்து, சிறு வயதிலிருந்து சேர்ந்து வாசித்தவர்கள். விழாவில் அறிமுகமாகி, சில நாள் ஒத்திகை பார்த்து மேடையேறுபவர்களிடம் நீங்கள் சொல்லும் அந்தக் கவனிப்பு எங்கிருந்து வரும்? வேகமும் பரபரப்பும் வரும். கைதட்டலும் வரும். லுகானோ பதிவுகள் சிலவற்றில் எனக்குக் கேட்பது அதுதான்.

கருப்புவெள்ளை:
ஆர்கெரிச்சும் நெல்சன் ஃபிரேரும் உடன்பிறந்தவர்களா என்ன? அவர் அர்ஜென்டினா, இவர் பிரேசில். இளம் வயதில் வியன்னாவில் தொடங்கிய நட்பு. அவர்கள் சேர்ந்து வாசித்த ரக்மானினாஃபின் இரண்டு பியானோவுக்கான இரண்டாம் சூட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1781இல் வியன்னாவில் மோட்சார்ட் தன் மாணவி யோசெஃபா அவுர்ன்ஹாமருடன் வாசிக்க இரண்டு பியானோவுக்கான டி மேஜர் சொனாட்டாவை எழுதினார். மாணவி என்று எளிய பகுதியைத் தந்துவிட்டு, கஷ்டமானதைத் தான் வைத்துக்கொள்ளவில்லை. முதல் பியானோ சொன்னதை இரண்டாவது அதே வேகத்தில், அதே துல்லியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த மாணவிக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்? நல்ல விழா செய்வதும் இதைத்தான்.

சி_மேஜர்_தம்பி:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். பியானோ கிரேடு தேர்வுகளை வரிசையாக முடித்தேன். இத்தனை வருடத்தில் இன்னொருவரோடு சேர்ந்து வாசித்ததே இல்லை. ஆரம்பக் கிரேடுகளில் டூயட் எடுக்கலாம் என்று பாடத்திட்டத்தில் இருந்தும், மதிப்பெண் போய்விடும் என்று எடுக்க விடவில்லை. மிருதங்கம் படிக்கும் என் நண்பன் முதல் வருடமே ஒரு பாடகருக்கு வாசித்துவிட்டான். நான் எப்போதும் அறையில் தனியாகத்தான். இரண்டாம்பாகம் அக்கா, எதில் தொடங்கலாம்?

மூன்றாம்வரிசை:
தம்பியின் ஏக்கம் புரிகிறது. ஆனாலும் பணத்தைப் பேசாமல் விட முடியாது. இரண்டு பியானோ என்றால் ஒவ்வொன்றும் சுமார் ஒன்பது அடி நீளம், ஏறக்குறைய 480 கிலோ எடையுள்ள கருவி. இரண்டும் ஒன்றோடொன்று சேரும்படி சுருதி கூட்ட வேண்டும். இரண்டாவதன் மூடியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் சத்தம் ரசிகர்களுக்கு எதிர்த்திசையில் போகும். இத்தனை செலவைத் தாங்க ஒரு பெரிய பெயரும் ஒரு பெரிய நிறுவனமும் தேவை. லுகானோ விழாவுக்கு முக்கிய ஆதரவு பி.எஸ்.ஐ. வங்கி. 2016இல் அந்த வங்கி கைமாறியது, விழாவும் அந்த ஆண்டோடு நின்றது. ஒரு வங்கியை நம்பி இளைஞர்களை வளர்ப்பது வளர்ப்பா?

கருப்புவெள்ளை:
விழா நின்றது, அங்கே வாசித்தவர்கள் நிற்கவில்லை. பியானோ கலைஞர் கப்ரியேலா மொன்டேரோவை மேடையில் தைரியமாக மனோதர்மமாக வாசிக்கத் தூண்டியவர் ஆர்கெரிச்தான். இன்று அவர் பெயர் சொன்னாலே அந்த வாசிப்புதான் நினைவுக்கு வருகிறது. ஆர்கெரிச்சும் ஓயவில்லை. 2018 முதல் ஹம்பர்க்கில் தன் பெயரில் இன்னொரு விழாவைத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம்வரிசை:
மொன்டேரோவின் பெயர் நின்றது தனியாக வாசித்ததால். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மூத்தவரின் ஊக்கம். அதைத் தர ஜோடி விழா தேவையில்லை.

இரண்டாம்பாகம்:
சார், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த மூத்தவர் சொல்வதும், நடுவர் மேஜைக்குப் பின்னாலிருந்து மதிப்பெண் போட்டவர் சொல்வதும் ஒன்றல்ல. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சி_மேஜர்_தம்பி, ஒரே பியானோவில் இருவர் வாசிக்க இசையமைப்பாளர் பீசே எழுதிய ‘குழந்தை விளையாட்டுகள்’ தொகுப்பில் 12 சிறு துண்டுகள் இருக்கின்றன, 1871இல் எழுதியவை. தலைப்பைப் பார்த்து எளிது என்று நினைக்காதே, வேகமானவற்றை அப்புறம் எடு. மெதுவான ஒன்றில் ஆரம்பி. முதலில் கீழ்ப்பகுதியை நீ எடு, பெடலையும் நீயே வைத்துக்கொள். இரண்டு பியானோவோ மேடையோ தேவையில்லை, ஒரு பியானோவும் ஒரு நீள பெஞ்சும் போதும். துணைக்கு யாரும் இல்லையென்றால் உன்னைவிட இரண்டு கிரேடு கீழே படிக்கும் ஒரு பிள்ளையைக் கேள்.