18-55க்கு அடுத்து எந்த லென்ஸ்? நிலக்காட்சிக்கு, கையைக் கடிக்காமல்

புதுவிரல்:
வணக்கம். என்னிடம் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமராவும் அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் இருக்கின்றன. மலை, ஏரி, கடற்கரை என்று நிலக்காட்சிகள்தான் எடுக்கிறேன். இன்னும் ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம், அதுவும் விலை குறைந்த வரிசையில்தான். 10-18 மாதிரி மிக அகலமாகப் பிடிக்கும் அல்ட்ரா வைடா, தூரத்தை இழுத்துக் காட்டும் 55-250 டெலியா, 50 மி.மீ. எஃப்/1.8ஆ? நேரில் வாயைப் பிளக்க வைக்கும் மலை, என் படத்தில் சப்பென்று கிடக்கிறது. அதுதான் என் குறை.

பத்துமில்லி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அல்ட்ரா வைடுதான். கேனான் வைத்திருந்தால் 10-18 எஸ்டிஎம். 2014இல் வந்தது, எடை 240 கிராம்தான். நிக்கான் என்றால் 2017இல் வந்த 10-20 ஏஎஃப்-பி. (டி90 போன்ற பழைய நிக்கான் கேமராக்களில் ஏஎஃப்-பி வகை லென்ஸ் ஃபோகஸ் ஆகாது, அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.) இரண்டும் பிளாஸ்டிக் உடம்புதான், ஆனால் எஃப்/8இல் வைத்தால் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சுருங்கும்) குறை சொல்ல முடியாது. 18இல் மூலைக்கு மூலை சுமார் 75 டிகிரி விழுகிறது. 10இல் 108 டிகிரிக்குக் கிட்டே. அந்த வித்தியாசத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் திரும்பிப் போக மனசு வராது.

தூரத்துமலை:
மலை சப்பென்று இருக்கிறது என்று ஒருவர் அழுகிறார், நீங்கள் அவர் கையில் அதைவிட அகலமான லென்ஸைத் திணிக்கிறீர்கள். 18இல் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த மலை 10இல் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். அதே மலை 200இல் 18ஐ விட 11 மடங்கு பெரிதாக விழும். விடிகாலைப் பனியில் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும் ஏழு மலைமுகடுகள், நடுவில் ஒற்றை மரம். இது டெலி எடுக்கிற படம். வைடில் அந்த ஏழும் சேர்ந்து அடிவானத்தில் ஒரு கோடாகப் போய்விடும்.

பத்துமில்லி:
வைடை நின்ற உயரத்தில் தூக்கிப் பிடித்து எடுத்தால் அப்படித்தான் வரும். முட்டி போட வேண்டும் ஐயா. ஒரு பாறையோ பாசி படிந்த வேரோ இரண்டு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். கணக்கும் சொல்கிறேன்: 10 மி.மீ., எஃப்/8, ஃபோகஸ் 63 செ.மீ.யில். 32 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். உங்கள் 200இல் அதே எஃப்/8க்கு 250 மீட்டரில் ஃபோகஸ் வைக்க வேண்டும், தெளிவு 125 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். முன்னால் இருக்கும் பூவை என்ன செய்வீர்கள்?

தூரத்துமலை:
பூவை விட்டுவிடுவேன். எல்லாப் படத்திலும் காலடியில் ஒரு பாறை இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? இப்போதெல்லாம் எந்த நிலக்காட்சியைப் பார்த்தாலும் அதே பாறை, அதே விரிந்த வானம். ஆளுக்கு ஆள் பாறைதான் மாறுகிறது. டெலிதான் மலைகளை நெருக்கி அடுக்கித் தருகிறது.

மூன்றுகால்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லென்ஸ் எதையும் நெருக்குவதில்லை. நிற்கும் தூரம்தான் அந்த அடுக்கைத் தருகிறது. அதே இடத்தில் நின்று 18இல் எடுத்து நடுவை வெட்டினாலும் மலைகள் அதே நெருக்கத்தில்தான் இருக்கும். என்ன, 200 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் 2 லட்சம் பிக்சல்கூட மிஞ்சாது. ஆகவே டெலி வேண்டாம் என்று சொல்லவில்லை, காரணத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

புதுவிரலுக்கு: என் யோசனை, லென்ஸே வாங்காதீர்கள். ஆட்டம் காணாத ஒரு ட்ரைபாட் வாங்குங்கள். கிட் லென்ஸை எஃப்/8இல் வைத்து, ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) அணைத்து, இரண்டு வினாடி டைமரில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கையில் பிடித்து எடுத்ததோடு ஒப்பிட்டால் எது லென்ஸின் குறை, எது கையின் நடுக்கம் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கைதான்.

பெட்டிக்கேமரா:
எஃப்/8 எதற்கு? எஃப்/22 வையுங்கள், முன்னும் பின்னும் எல்லாம் தெளியும். 1932இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸும் நண்பர்களும் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய குழுவுக்குப் பெயரே எஃப்/64.

மூன்றுகால்:
அவர்கள் வைத்திருந்தவை பெரிய ஃபிலிம் கேமராக்கள். 8க்கு 10 அங்குல ஃபிலிமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 300 மி.மீ. லென்ஸை எஃப்/64க்குச் சுருக்கினாலும் துளை கிட்டத்தட்ட 4.7 மி.மீ. இருக்கும். நம் 18 மி.மீ. லென்ஸை எஃப்/22க்குச் சுருக்கினால் 0.8 மி.மீ. ஊசித்துளை. அதில் நுழையும் ஒளி வளைந்து பரவி, எல்லாம் ஒரே சீராக மழுங்கிவிடும். ஃபிலிமின் அளவோடு ஒப்பிட்டால் அவர்களின் எஃப்/64 நமக்கு ஏறத்தாழ எஃப்/5.6தான். கிராப் சென்சாரில் எஃப்/11ஐத் தாண்டாதீர்கள்.

பெட்டிக்கேமரா:
சரி, இது எனக்குத் தெரியாது. இத்தனை நாள் எஃப்/22இல் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புதுவிரல்:
50 எஃப்/1.8 பற்றி யாரும் பேசவில்லையே? அப்புறம், பழைய லென்ஸ் வாங்கலாமா?

தூரத்துமலை:
50 நல்ல லென்ஸ்தான். ஆனால் உங்கள் 18-55க்குள்ளேயே அது இருக்கிறது. எஃப்/8இல் எடுக்கப்போகிறவருக்கு எஃப்/1.8 எதற்கு?

மூன்றுகால்:
பழையது வாங்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். நான் ஒருமுறை பழைய வைடு லென்ஸ் ஒன்றை, கண்ணாடியில் கீறல் இல்லை என்ற ஒரே திருப்தியில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் இடப்பக்க மரத்தில் இலையை எண்ணலாம், வலப்பக்க மரம் பச்சைக் கூழ். உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. எத்தனை எஃப் மாற்றியும் சரியாகவில்லை, விற்றவரும் திரும்ப வாங்கவில்லை. அன்றிலிருந்து கேமராவைக் கையோடு கொண்டுபோய், செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தும் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, தொடவே வேண்டாம்.

அகலம் வேண்டுமென்றால் ஒட்டுப்படமும் (பல படங்களை ஒட்டி ஒன்றாக்குவது) இருக்கிறது. கிட் லென்ஸை 35இல் வைத்து, கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி 6 படங்கள். 100 டிகிரிக்கு மேல் வந்துவிடும், காசு செலவில்லாமல்.

பத்துமில்லி:
அலையை எப்படி ஒட்டுவீர்கள்? முதல் படத்தில் எழுந்த அலை மூன்றாவது படத்தில் உடைந்திருக்கும். காற்றில் ஆடும் புல்லும் அப்படித்தான். இரண்டு சாணில் பாறை இருந்தால் கேமரா திரும்பும்போது அது பின்னணியோடு பொருந்தாமல் நகர்ந்துவிடும். ஒட்டுப்படம் அசையாத தூரத்து மலைக்கு மட்டும்தான். ஆனால் ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். 10இல் போலரைசர் (வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர்) மாட்டினால் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல் என்று திட்டாகிவிடும்.

மூன்றுகால்:
இப்படியே போனால் நாளைக்கும் சண்டை போடுவோம். புதுவிரல், நீங்கள் ஒன்று செய்யுங்கள். இதுவரை எடுத்த படங்களைக் கணினியில் போட்டு, எந்த மி.மீ.யில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். அந்தத் தகவல் ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் பதிவாகியிருக்கும்.

புதுவிரல்:
பிரித்துப் பார்த்தேன். மொத்தம் 312. அதில் 55இல் 141, 18இல் 97, மிச்சமெல்லாம் நடுவில். எனக்குப் பிடித்த 20 படங்களைத் தனியாக எடுத்தேன், 14 படங்கள் 55இல் எடுத்தவை.

தூரத்துமலை:
நான் சொல்ல வேறு என்ன இருக்கிறது? ஜூம் வளையம் முட்டி நின்ற இடத்தில்தான் உங்கள் கண் இருக்கிறது.

பத்துமில்லி:
18இலும்தான் 97 முறை முட்டியிருக்கிறார்! அகலம் போதாமல்தான் அந்தப் படங்கள் பிடிக்கவில்லை.

புதுவிரல்:
அந்த 97ஐயும் மறுபடி பார்த்தேன். அகலம் போதாமல் இல்லை. பாதிப் படம் வெறும் வானம், கீழ்ப்பாதி வெறும் தரை, நடுவில் ஒரு விரல்கடை மலை. முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு படத்தில்கூட நான் குனியவே இல்லை என்று நினைக்கிறேன். இப்போதைக்கு நண்பரிடம் 55-250ஐ ஒரு வாரம் இரவல் கேட்டிருக்கிறேன்.

பத்துமில்லி:
சரி, டெலியையே எடுத்துப் போங்கள். ஆனால் கிட் லென்ஸையும் பையில் போடுங்கள். பெரும்பாலான 18-55கள் 25 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். ஒரே ஒரு படம், முட்டி போட்டு, 18இல். இரண்டையும் இங்கே போடுங்கள், அப்புறம் பேசலாம்.

தூரத்துமலை:
பாறை இல்லாத படமாக இருந்தால் நானும் பார்க்கிறேன்.