டிசிஆர் காமா (டி செல் ஏற்பியின் ஒரு மரபணு): ஒரே டிஎன்ஏ, இரண்டு ரன், வேறு வேறு பீக். குளோனல் (ஒரே செல்லிலிருந்து பெருகியவை) என்று எழுதலாமா?

மைக்ரோடோம்:
தோல் பயாப்சி, பாரஃபின் பிளாக். மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் (தோலில் வரும் டி செல் புற்று) சந்தேகம். நானோடிராப்பில் (ஒளி உறிஞ்சலால் டிஎன்ஏ அளக்கும் கருவி) 40 நானோகிராம்/மைக்ரோலிட்டர், 260/280 விகிதம் 1.8. பயோமெட்-2 ப்ரைமர் (குளோன் சோதனைக்கான பிசிஆர் தொகுப்பு), ஒரு ட்யூபுக்கு 100 நானோகிராம். காமா ட்யூப் ஏ: முதல் ரன்னில் 168, 212 பேஸில் பீக், இரண்டாவதில் 181, 203. டி செல் ஏற்பியின் இன்னொரு மரபணுவான பீட்டாவில் ஒன்றுமே வரவில்லை. கன்ட்ரோல் லேடரில் (எந்த நீளத் துண்டு வரை பெருகுகிறது என்று காட்டும் சோதனை) 100, 200 தெளிவு, 300 மங்கல். காமா பாசிட்டிவ், பீட்டா நெகட்டிவ் என்று எழுதலாமா?

ஜெல்வாசி:
இரண்டுமே எழுதக்கூடாது. பீட்டா ட்யூப் ஏ, பி இரண்டிலும் 240–285 பேஸ் துண்டு வர வேண்டும். 300 மங்கலாக இருக்கும் டிஎன்ஏவில் அது வராதது நெகட்டிவ் ஆகாது, "மதிப்பிட இயலவில்லை" என்பதுதான் சரி. காமா ட்யூப் ஏ 145–255, அதனால்தான் ஏதோ வந்திருக்கிறது.

பீக் மாறுவது போலிக் குளோன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு செல்லில் சுமார் 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ. 100 நானோகிராம் என்றால் 15,000 செல். அதில் டி செல் 2 சதவீதம் என்றால் 300. ஃபார்மலின் துண்டாக்கியதில் இருபதில் ஒன்றுதான் பெருகும் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 15. ஒவ்வொரு ட்யூபிலும் வேறு 15 விழும், எது முந்திப் பெருகுகிறதோ அது பீக்காக நிற்கும். நானோடிராப் எண்ணை இங்கே நம்பவே வேண்டாம். ஆர்என்ஏவையும் பெருகாத துண்டுகளையும் சேர்த்தே எண்ணும். கியூபிட்டில் (ஒளிரும் சாயத்தால் டிஎன்ஏ அளக்கும் கருவி) அளந்தாலும் பெருகுமா என்று சொல்வது லேடர் மட்டும்தான்.

மைக்ரோடோம்:
டிஎன்ஏவைக் கூட்டிப் போட்டால்?

ஜெல்வாசி:
சில சமயம் இன்னும் மோசமாகும். தோலில் மெலனின் பிசிஆரைத் தடுக்கும். முதலில் 1:5 நீர்த்து லேடரை ஓட்டுங்கள். 300 தெளிவானால் தடுப்பான்தான் சிக்கல். மாறாவிட்டால் டிஎன்ஏ உடைந்திருக்கிறது. அப்போது புதிய செக்‌ஷன் வெட்டி, ஹெச்&ஈ சாயமிட்ட ஸ்லைடைப் பார்த்து, லிம்போசைட் அடர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுங்கள். பிறகு ஒரே டிஎன்ஏவில் இரண்டு தனி பிசிஆர். இரண்டிலும் ஒரே பீக், ஒரு பேஸுக்குள் பொருந்தி வந்தால் மட்டுமே கணக்கில் எடுப்பது.

ஹெட்டரோடூப்ளெக்ஸும் (பிசிஆர் துண்டுகளின் இழைகளைப் பிரித்து, மீண்டும் சேரவிட்டு ஜெல்லில் பார்ப்பது) கூடவே போடலாம்: 95 டிகிரியில் 5 நிமிடம், 4 டிகிரியில் ஒரு மணி நேரம், 6 சதவீத பாலிஅக்ரிலமைடு ஜெல். காமாவின் இணைப்புப் பகுதி குட்டையானது, நீள வேறுபாடு குறைவு. ஜீன்ஸ்கேனில் (துண்டுகளை நீளப்படி பீக்காகக் காட்டும் முறை) பல செல்களின் பீக் கும்பலுக்கு மேல் சற்றே தலைதூக்கும் பீக் ஏமாற்றும். ஜெல்லில் அது பட்டையாக நிற்காமல் கலைந்து போகும்.

ஸ்லைடு_பார்ப்பவர்:
இன்னொன்று. மீண்டும் ஓட்டி 168, 212 இரண்டும் திரும்ப வந்தால் "இரண்டு குளோன்" என்று எழுதிவிடாதீர்கள். ஒரே செல்லின் இரு அலீல்களாக (ஒரே மரபணுவின் இரு பிரதிகள்) இருக்கலாம். குளோன் இருப்பதாலேயே புற்று என்றும் ஆகாது. முதியவர் ரத்தத்தில் சிடி8 (ஒரு வகை டி செல்) குளோன்கள் சகஜம். இந்த நோயாளிக்கு வேறு இடத்துத் திட்டிலிருந்து இரண்டாவது பயாப்சி கேளுங்கள். இரண்டிலும் அதே அளவு பீக் வந்தால் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸுக்கு அது நல்ல ஆதாரம்.

மைக்ரோடோம்:
1:5-இல் 300 தெளிவாக வந்துவிட்டது. நீர்த்த டிஎன்ஏவில் காமா, பீட்டா இரண்டும் இரட்டையாக ஓடுகின்றன. ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஜெல்வாசி:
நீர்த்ததில் டி செல் எண்ணிக்கையும் ஐந்தில் ஒன்றுதான், மறக்க வேண்டாம். பீக் மறுபடி மாறினால் மெலனினைக் கட்டிப்பிடிக்க பிஎஸ்ஏ (மாட்டு சீரம் புரதம்) சேர்த்து, நீர்க்காத டிஎன்ஏவையே ஓட்டிப் பாருங்கள்.