சான்றுப்பொருளின் ‘செயின் ஆஃப் கஸ்டடி’: தமிழில் எப்படிப் போடலாம்?

பொருநை:
முதுகலைக் குற்றவியல் வகுப்புக் கையேடு திங்கள்கிழமை அச்சுக்குப் போகணும். சட்டம், வேதியியல், சமூகவியல் படித்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் இருக்கும். ‘செயின் ஆஃப் கஸ்டடி’க்கு ‘காவல் சங்கிலி’ என்று எழுதியிருக்கிறேன். சரிவருமா?

பாளை வக்கீல்:
வராது. காவல் என்றாலே ஸ்டேஷன், ரிமாண்ட் என்று போய்விடும். மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) போட்டு எடுத்த அரிவாள் கோர்ட்டில் சா.பொ. 1 (சான்றுப்பொருள் 1) ஆகிறவரை யார் யார் கையில், எப்போதிலிருந்து எப்போதுவரை இருந்தது என்ற கணக்கல்லவா இது? ‘கைமாற்றுத் தொடர்’ போடுங்கள்.

தென்காசித் தமிழாசிரியர்:
நம்ம பக்கம் கைமாத்து என்றால் வட்டியில்லாக் கடன், வக்கீலய்யா! ஏட்டையா அரிவாளைக் கைமாத்தாக் கொடுத்தார் என்று பிள்ளைகள் சிரிக்கும். காவலையும் அப்படித் தள்ளாதீர்கள். பாளையக்காரர் காலத்து நெல்லைச் சீமையில் தலங்காவல், தேசகாவல் இருந்தன. களவு போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தரணும், இல்லையென்றால் ஈடு கட்டணும். பொருளுக்குப் பொறுப்பு என்பது அந்தச் சொல்லிலேயே கிடக்கிறது. கா, காப்பு, காவல் எல்லாம் ஒரே வேர். ‘காப்புத் தொடர்’ இன்னும் சுத்தம்.

ஆய்வகத்தார்:
காப்பு என்றால் எங்களுக்குப் பொருள் கெடாமல் வைப்பது. ரத்தம் பட்ட சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதையும்; நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடணும். உறையின் அரக்கு முத்திரை, ஒப்பிட வைத்த மாதிரி முத்திரையோடு ஒக்கிறதா, வாங்கினவர் கையெழுத்தும் நேரமும் உண்டா என்பது வேறு வேலை. சட்டை நன்றாகவே இருந்தாலும், இடையில் இரண்டு நாள் யாரிடம் இருந்தது என்று எழுத்தில் இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்ளும்.

தென்காசித் தமிழாசிரியர்:
பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டினாளே, அங்கே...

பாளை வக்கீல்:
அது பொருளை அடையாளம் காட்டியது, அண்ணாச்சி. செல்போனுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மின்னணுப் பதிவுக்குத் தரும் அதன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான குறியீடு, எழுதணும். ஹாஷ் ஒத்துப்போனால் கோப்பு மாறவில்லை என்று தெரியும். போன் யாரிடம் இருந்தது என்பதற்குத் தனிப் பதிவு வேண்டும். ‘பொறுப்புத் தொடர்’ அரிவாள், போன் இரண்டுக்கும் ஆகும்.

ஆய்வகத்தார்:
சமூகவியல் பிள்ளைகள் கடமை என்று எடுத்துக்கொள்வார்கள். முன்னால் ‘சான்றுப்பொருள்’ ஒட்டினால் எனக்குச் சரி.

பொருநை:
‘சான்றுப்பொருள் பொறுப்புத் தொடர்’ என்றே போட்டுவிட்டேன். கீழே அட்டவணை: ஒப்படைத்தவர், பெற்றவர், தேதி, நேரம், முத்திரை நிலை, எதற்காக.

தென்காசித் தமிழாசிரியர்:
வேற்றுமைப் புணர்ச்சியில் ளகரம் டகரமாகும். ‘சான்றுப்பொருட்பொறுப்புத் தொடர்’ என்று திருத்தி ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். என் ஓட்டு காப்புத் தொடருக்குத்தான்.