1.5 லிட்டர் பெட்ரோல் செடான்: உண்மையான மைலேஜ் கணக்கு தேவை

நண்பர்களே, 1.5 லிட்டர் பெட்ரோல் செடான் ஓட்டுபவர்கள் உதவுங்கள். நகருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. டயர் காற்று 33 பிஎஸ்ஐ, ஏர் ஃபில்டர் புதிது, பிரேக்கும் விடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டிருக்கவில்லை. இ20 பெட்ரோலால் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கொஞ்சம் குறையும், தெரியும். எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கம்மி. ஆனால் இவ்வளவா?

டிஸ்ப்ளே காட்டும் எண் வேண்டாம், அது பெரும்பாலும் கூட்டியே காட்டும். ஆட்டோ கட்-ஆஃப் வரை (பம்ப் தானாக நிற்கும் வரை) நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 300 கிலோமீட்டராவது ஓடி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிய கணக்கைத்தான் கேட்கிறேன். கட்-ஆஃப் விழுந்தபின் ரவுண்டாக ஊற்றினால் கணக்கே கெட்டுவிடும்.

அடுத்த சந்தேகம் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடேறாது, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் தரவைப் படிக்கும் கருவி) மாட்டிப் பார்த்தவர்கள், நகர ஓட்டத்தில் கூலன்ட் எத்தனை டிகிரியில் நிற்கிறது, லாங் டெர்ம் ஃப்யூவல் டிரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் தொடர்ந்து எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது) எவ்வளவு என்று சொல்லுங்கள். ஏசி போட்டிருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.